செல்லப் பிராணிக்குக் கால் உடைந்தால்... கட்டுப் போடலாமா?

ஆவடி சாலையும் பூந்தமல்லி பைபாஸும் பக்கத்திலேயே ஓடுகிற ஊர் சென்னீர்குப்பம். அங்கே நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு பயம் எப்போதும் உண்டு. கேட் ஒரு நிமிஷம் திறந்திருந்தால் போதும், நாய் ரோட்டில்! பூனை வளர்ப்பவர்களுக்கோ மொட்டை மாடிச் சுவரைப் பார்த்தாலே பயம். அடிபட்ட பிராணி மூன்று காலில் நொண்டி வந்து நின்றால் நமக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அப்போது யாராவது சொல்வார்கள்: ‘‘ரெண்டு மூங்கில் பத்தையை வச்சு இறுக்கிக் கட்டுங்க, சரியாப் போயிடும்!’’

தயவுசெய்து கட்டாதீர்கள். எலும்பு முறிவால் போகாத கால், அந்தக் கட்டால் போய்விடும்.

முதலில் எதைப் பார்ப்பது?

தொங்குகிற காலை அல்ல, உயிரைப் பாருங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா? ஈறு வெளுத்திருக்கிறதா? வயிறு உப்புகிறதா? நெஞ்சிலோ வயிற்றிலோ உள்காயம் இருக்கலாம். கால் சில மணி நேரம் காத்திருக்கும், இவை காத்திருக்காது.

எப்படித் தூக்குவது?

வலியில் துடிக்கும்போது வளர்த்தவரையே நாய் கடிக்கும். வாந்தியோ மூச்சுத்திணறலோ இல்லை என்றால், துணியால் வாயைத் தளர்வாகக் கட்டுங்கள். பலகையிலோ கெட்டியான போர்வையிலோ மெதுவாகப் படுக்க வையுங்கள். பூனை என்றால் அட்டைப் பெட்டி போதும். எலும்பு வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள். மஞ்சள், காபித்தூள் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடினால் போதும்.

கட்டு ஏன் ஆபத்து?

உடைந்த இடம் அடுத்த சில மணி நேரத்தில் வீங்கும். கட்டு விரிந்து கொடுக்காது. ரத்த ஓட்டம் நின்று விரல்கள் சில்லிட்டு, கால் அழுகும். கடைசியில் காலையே எடுக்க வேண்டி வரும். இன்னொன்று, முறிவுக்கு மேலேயும் கீழேயும் உள்ள மூட்டுகள் இரண்டும் அசையாமல் இருந்தால்தான் கட்டு பலன் தரும். தொடை எலும்பு உடைந்தால் இடுப்பு மூட்டைக் கட்டி நிறுத்த முடியாது. அங்கே கட்டு வெறும் பாரம்தான். மனிதர்களுக்கு எலும்புக் கட்டுப் போடுகிற இடங்களுக்கு நாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் வேண்டாம்.

நம்ம மாத்திரை?

கூடவே கூடாது! ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரைகூடப் பூனையின் உயிரை வாங்கிவிடும். ஐபுபுரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

டாக்டர் என்ன செய்வார்?

எக்ஸ்-ரே எடுத்துப் பார்ப்பார். முழங்காலுக்குக் கீழே எளிய முறிவு என்றால் மாவுக்கட்டு போதும். தொடை என்றால் பெரும்பாலும் ஆபரேஷன் செய்து கம்பியோ பிளேட்டோ வைக்க வேண்டியிருக்கும். குட்டிகளுக்கு மூன்று, நான்கு வாரத்தில்கூட எலும்பு கூடும். வளர்ந்த நாய்க்கு 6 முதல் 12 வாரம் ஆகலாம். அதுவரை ஓட்டம், மாடிப்படி, சோபாவில் தாவல் எல்லாம் தடை. ‘பாவம், கட்டிப்போட்டுட்டாங்களே’ என்று அவிழ்த்து விடாதீர்கள். கட்டை நனைய விடாதீர்கள். விரல் வீங்கினாலோ, நாற்றம் வந்தாலோ, கட்டைக் கடித்துக் குதறினாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

சோபாவிலிருந்து குதித்ததற்கே உடைந்ததா?

அப்படியானால் சாப்பாட்டை யோசியுங்கள். வெறும் கறியும் சாதமும் தின்று வளரும் குட்டிக்குக் கால்சியம் போதாது. உடம்பு எலும்பிலிருந்தே அதை உறிஞ்சிக்கொள்ளும், எலும்பு மெலிந்துவிடும். அதற்காகக் கால்சியம் டானிக்கை நீங்களாக ஊற்றவும் கூடாது. பெரிய ஜாதிக் குட்டிகளுக்கு அது அதிகமானாலும் எலும்பு வளர்ச்சி கெடும். அளவை டாக்டர் சொல்லட்டும்.

எங்கே போவது?

பக்கத்துக் கால்நடை மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள். பெரிய ஆபரேஷன் என்றால் வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலையைப் பிடித்தால் சுமார் 20 கிலோமீட்டர். கிளம்பும் முன் போனில் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். டாக்டர் நம்பரை ஃபிரிட்ஜ் மேல் ஒட்டி வையுங்கள். கேட்டுக்கு நல்ல கொக்கி போடுங்கள். அதுதான் முதல் வைத்தியம்!