எழுபது வளைவும் ஒரு பழைய அம்பாசடரும்

கேள்வி: காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறினால் என் பழைய அம்பாசடர் பாதியிலேயே கொதிக்கிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரிக் ஃபேன் போடச் சொல்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: முதலாவது வேண்டாம், இரண்டாவது கடைசியில். 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் முதல், இரண்டாம் கியரில் ஏறும் வண்டிக்கு எதிர்க்காற்றே கிடைக்காது. ஃபேனும் வாட்டர் பம்பும் ஒரே பெல்ட்டில் எஞ்சினோடு சுற்றுபவை. வளைவில் எஞ்சின் வேகம் இறங்கினால் இரண்டும் சோர்ந்துவிடும். போதாததற்கு, ஆயிரம் மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதிக்கும். இதை ஈடுகட்டுவது அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடி. அதன் ரப்பர் வாஷர் வெடித்து, ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் புதிய மூடி போடுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓடும் வண்டிகள் ஆயிரம் உண்டே என்பார்கள். உண்மைதான். ஆனால் சூடான எஞ்சினில் அது ஏற்கெனவே திறந்துதான் இருக்கும். கழற்றினால் லாபம் சொற்பம், சமவெளியிலோ எஞ்சின் சூடேறத் தாமதமாகித் தேய்மானம் கூடும். சந்தேகமிருந்தால் வெந்நீரில் போட்டுப் பாருங்கள், திறக்காவிட்டால் மாற்றுங்கள்.

பெரும்பாலும் குற்றவாளி, உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் குழாய்கள் அடைத்த ரேடியேட்டர்தான். நாமக்கல் லாரிகளின் ஊர். செம்பு ரேடியேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்ய ஆள் கிடைப்பார். பிறகு கூலண்ட் கலந்து ஊற்றுங்கள். அப்படியும் கொதித்தால் எலெக்ட்ரிக் ஃபேன் போடலாம். பழைமை கெடுமே என்றால், பழைய ஃபேனைப் பத்திரப்படுத்துங்கள், திரும்ப மாட்டிக்கொள்ளலாம். வண்டியில் டைனமோதான் என்றால் முதலில் ஆல்டர்னேட்டருக்கு மாறுங்கள். மெதுவான ஓட்டத்தில் டைனமோவின் மின்சாரம் ஃபேனுக்குப் போதாது.