புல்லுக்கு ஓய்வு கொடுங்கள்: கொறங்காட்டு மேய்ச்சல் வழிகாட்டி

கொங்கு மானாவாரி நிலத்தில் கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமும் வளர்ந்த மேய்ச்சல் காடுதான் கொறங்காடு. காங்கேயம் மாடு உருவானது இந்தக் காட்டில்தான். மண்வளம், மாட்டின் தரம், பாலின் சத்து மூன்றும் இங்கே ஒன்றையே நம்பி நிற்கின்றன: மேய்ந்த புல்லுக்குக் கிடைக்கும் ஓய்வு.

1. காட்டைப் பிரியுங்கள். கிளுவை வேலி போட்டு நான்கைந்து துண்டுகளாகவாவது பிரிக்க வேண்டும். இருப்பதே இரண்டு ஏக்கர் என்பவர் மாட்டைக் கயிற்றில் கட்டி, தினமும் இடம் மாற்றினால் போதும்.

2. புல்லைப் பார்த்து மாற்றுங்கள். புல் முழங்கால் உயரம் வந்ததும் மாட்டை உள்ளே விடுங்கள். அரைச் சாண் மிச்சமிருக்கும்போதே வெளியேற்றுங்கள். கடித்த தூரைச் சில நாளில் குனிந்து பார்த்தால் இளங்குருத்து தெரியும். வேரில் சேர்த்த சத்தைச் செலவழித்து வந்த குருத்து அது. மாடு அதையும் கடித்தால் வேர் சுருங்கும், தரை வெளுக்கும், பெய்த மழை மண்ணுக்குள் இறங்காமல் ஓடிவிடும். 1957-இல் பிரான்சின் மேய்ச்சல் ஆய்வாளர் ஆந்த்ரே வாசேன் தம் நூலில் வலியுறுத்தியதும் இந்த ஓய்வைத்தான். கோடையில் புல் மெதுவாக வளரும். ஓய்வு நாளையும் கூட்டுங்கள்.

3. காட்டிலேயே காளையைத் தேர்ந்தெடுங்கள். மேய்ச்சல் ஒரு மாட்டின் மரபணுவை மாற்றாது. எந்த மாட்டின் கன்று வேண்டும் என்பதை நமக்குக் காட்டிக்கொடுக்கும். அடர்தீவனம் போட்டு வளர்த்தால் எல்லா மாடும் நல்ல மாடுதான். கோடையிலும் உடல் வற்றாமல், தவறாமல் சினை பிடித்த பசுவின் காளைக்கன்றை வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காளையின் மகள்கள் பருவத்துக்கு வருமுன் காளையை மாற்றுங்கள். "காங்கேயம் கறப்பது இரண்டு மூன்று லிட்டர்தானே?" என்பது நியாயமான கேள்வி. கலப்பினத்தின் கறவையோடு தீவனச் செலவையும் மருத்துவச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டபின் முடிவெடுங்கள்.

4. பாலைப் பருவத்தோடு மதிப்பிடுங்கள். பச்சைப்புல் தின்னும் மாட்டின் பாலில் ஒமேகா-3 கொழுப்பும் பீட்டா கரோட்டினும் கூடும். ஐப்பசி மழைக்குப்பின் இது உண்மை. காய்ந்த புல்லும் சோளத்தட்டும் தின்னும் கோடையில் அந்த வித்தியாசம் குறையும். ஆண்டு முழுக்க ஒரே சத்து என்று சொல்லி விற்கக் கூடாது.

5. மண்ணை அளந்து பாருங்கள். ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில், அதே இடத்தில் 15 செ.மீ. ஆழ மண்ணெடுத்து அங்ககக் கரிமம் பாருங்கள். அது மெல்லத்தான் ஏறும். இப்படி மண்ணில் கரிமம் சேர்வதால் மேய்ச்சலே பருவநிலையைக் காப்பாற்றிவிடும் என்போரும் உண்டு. மேம்பட்ட மேய்ச்சலும் மேயும் மாடுகளின் பசுங்குடில் வாயு உமிழ்வில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டும் என்றது ஆக்ஸ்போர்டின் 2017 அறிக்கை. அந்த வாக்குறுதி இல்லாமலேயே இந்த முறை லாபம்தான்: மழைநீர் நிலத்தில் நிற்கும், தீவனச் செலவு குறையும். அதற்காகவே இதைச் செய்யலாம்.