அறிவியற் புனைகதை முதிர்ந்த வாசகருக்கு உரியதா?

நம் இல்லங்களில் அடிக்கடி நிகழும் ஒரு காட்சியை முதலில் நினைவுகூர்வோம். பிள்ளை ஒரு நூலில் ஆழ்ந்திருக்கிறது. அட்டையில் விண்கலமும் இயந்திர மனிதனும் காணப்படுகின்றன. "இந்தக் குப்பையை வைத்துவிட்டு உருப்படியாக எதையாவது படி" என்று பெற்றோராகிய நாம் கடிந்துகொள்கிறோம். அவ்வாறு கடிவது நியாயந்தானா என்பதை இங்கு ஆராய்வோம்.

அறிவியற் புனைகதை என்பது யாது? அறிவியலால் இயலக்கூடும் என எண்ணத்தக்க ஒன்றை எடுத்துக்கொண்டு, 'இவ்வாறு நேர்ந்தால் மனித வாழ்வு என்னாகும்?' என்று வினவும் கதையே அது. மாயாசாலக் கதையினின்றும் அது வேறுபடுவது இதனாலேயாகும்.

இவ்வகையின் முதல் நூலெனப் பலரும் கருதுவது, மேரி ஷெல்லி என்னும் ஆங்கிலப் பெண்மணி எழுதிய 'பிராங்கன்ஸ்டைன்' நாவலாகும். 1815ஆம் ஆண்டில், இன்றைய இந்தோனேசியாவிலுள்ள தம்போரா எரிமலை வெடித்தது. அதன் விளைவாக 1816இல் ஐரோப்பாவில் கோடை பொய்த்துக் குளிரும் மழையும் நிலவின. சுவிற்சர்லாந்தின் ஜெனீவா ஏரிக்கரையில் வீட்டினுள் அடைபட்டிருந்த நண்பர்கள், ஆளுக்கொரு பேய்க்கதை எழுத முடிவு செய்தனர். அப்பொழுது மேரிக்கு வயது 18. அன்று அவர் எழுதத் தொடங்கிய கதை 1818இல் நூலாக வெளிவந்தது.

விக்டர் பிராங்கன்ஸ்டைன் என்னும் இளைஞன் தன் கல்வியறிவால் ஓர் உயிரைப் படைக்கிறான். அது கண் திறந்ததும் அதன் தோற்றத்திற்கு அஞ்சி ஓடிவிடுகிறான். அப்படைப்பிற்குக் கதையில் பெயர்கூட இல்லை. கைவிடப்பட்ட அது ஒரு குடிசையின் அருகே ஒளிந்திருந்து, சுவரின் இடுக்கு வழியாக அக்குடும்பத்தினரின் பேச்சைக் கேட்டுக் கேட்டே மொழியைக் கற்கிறது. மொழி வந்தால் மனிதர் தன்னை ஏற்பர் என்பது அதன் நம்பிக்கை. கண்பார்வையற்ற முதியவர் அதனிடம் அன்பாகப் பேசுகிறார். பார்வையுள்ள அவர் மகனோ அதனை அடித்து விரட்டுகிறான். அதன் பின்னரே அது முற்றிலும் கொடியதாகிறது.

இக்கதையின் உட்பொருள் என்ன? அறிவைப் பெற்றவன் அதன் விளைவுக்கும் பொறுப்பாவான். உயிரைத் தருவதோடு பெற்றோர் கடமை முடிவதில்லை. உள்ளே சேர்க்கப்படாதவனுக்கு மொழி மட்டும் போதாது. அயல்நாட்டில் வாழும் நமக்கு இவை விளையாட்டுப் பொருள்களோ? பிறர் பேச்சைச் செவிமடுத்து மொழி பயின்ற அனுபவம் நம்முள் பலருக்கு உண்டன்றோ?

அறிவியற் புனைகதைகளுள் வெறும் துப்பாக்கிச் சண்டையாய் அமைந்தவை மிகப்பல; அவற்றில் மனிதரினும் இயந்திரங்களே உயிரோடு உலவுகின்றன. இக்குறையை நாம் மறுக்கவில்லை. எனினும் சமூக நாவல்களிலும் காதற் கதைகளிலும் பதர் மிகுதியே. பதரைக் காட்டி நெல்லைப் பழிப்பது முறையன்று.

நெல்மணிகளுக்கும் குறைவில்லை. வங்கத்து ரொக்கையா 1905இல் எழுதிய 'சுல்தானாவின் கனவு' சென்னையிலிருந்து வெளிவந்த ஆங்கில மாதர் இதழொன்றில் வந்தது. பெண்கள் ஞாயிற்றின் வெப்பத்தைப் பயன்கொண்டு நாடாள, ஆண்கள் வீட்டினுள் அடைபட்டிருப்பதாகக் காட்டி, அன்றைய பெண்ணடிமையை அது நகைத்தது. ஜப்பானில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த கசுவோ இஷிகுரோ, உடலுறுப்புகளைத் தானமளிப்பதற்கென்றே வளர்க்கப்படும் பிள்ளைகளைப் பற்றி 2005இல் நாவல் எழுதினார்; 2017இல் இலக்கிய நோபல் பரிசும் பெற்றார். தமிழில் பொறியியலாளரான சுஜாதா, 1980களில் ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' தொடரை எழுதினார். அதில் வரும் ஜீனோ என்னும் இயந்திர நாய், நூல்களைப் படித்துத் தானே சிந்திக்கிறது. கணினி எழுதவும் பேசவும் கற்றுவிட்ட இந்நாளில், ஜீனோ வெறுங்கற்பனை என்று தள்ளிவிட நம்மால் இயலுமா?

ஆகவே, ஒரு நூல் முதிர்ந்த வாசகருக்கு உரியதா என்பதை அதன் அட்டைப்படம் முடிவு செய்வதில்லை. படித்து முடித்தபின் நம் மனத்தில் தங்கும் வினாவே அதனை முடிவு செய்யும். அடுத்த முறை பிள்ளையின் கையில் அத்தகைய நூலைக் காணும்போது, கடிந்துகொள்ளுமுன் அருகில் அமர்ந்து, "இதில் என்ன கேள்வி எழுகிறது?" என்று தமிழிலேயே கேட்போம். பிள்ளை தமிழிலேயே விடை கூற முயலட்டும். அதுவும் ஒரு தமிழ்ப் பாடமே.

சிந்திக்க:
1. பிராங்கன்ஸ்டைன் கதையில் பெருங்குற்றம் யாருடையது? படைத்தவனுடையதா, படைப்பினுடையதா, விரட்டியோருடையதா?
2. 'இவ்வாறு நேர்ந்தால்?' எனத் தொடங்கும் கதையொன்றைப் பத்து வரிகளில் தமிழில் எழுதுக.