நீர்மோர்ப் பந்தலும் திருவலகுத் தொண்டும்

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் எழுந்தருளியிருக்கும் ஸ்ரீ கலியுக வரதராசப் பெருமாள் திருக்கோயிலில் கம்பமே மூலவராக வணங்கப்பெறுகிறது. காணாமற்போன சினைப்பசுவைத் தேடிச் சென்ற மந்தைக்குரியவர், காட்டினுள் சாய்ந்து கிடந்த கம்பத்தின்மீது அப்பசு பால் சொரியக் கண்டார் என்பது தலவரலாறு. அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்து உழவர் பெருமக்கள் விளைந்த தானியத்தோடு கன்றுகாலிகளையும் இங்குக் காணிக்கையாகச் செலுத்தி வருவது இதனாற்போலும். பசுவால் வெளிப்பட்ட பெருமாளின் உற்சவத்திலே பசுவுக்குத் தீங்கு நேரலாமோ என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இத்தலத்துப் பெருவிழா ஸ்ரீராமநவமியன்று தொடங்குவது. கடும் வெயிற்காலம். பானகமும் நீர்மோரும் வழங்குதல் பாகவத கைங்கர்யங்களுள் சிறந்ததென்பதில் ஐயமில்லை. இத்தகைய விழாக்களில் அரிமா சங்கம், ரோட்டரி சங்கம் முதலியனவும் பந்தலிட்டு இத்தொண்டில் பங்குகொள்வதைப் பல ஊர்களிலும் காண்கிறோம். ஆயின் தாகம் தீர்த்த கையோடு வீசியெறியப்படும் குவளை யாது செய்கிறது?

காகிதக் குவளை காகிதமே எனப் பலரும் கருதுகின்றனர். நீர் ஊறாதிருக்க அதன் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட 14 வகைப் பொருள்களுள் இதுவும் அடங்கும். இத்தடை முறையானதே என உச்ச நீதிமன்றமும் 2023-இல் உறுதிசெய்தது.

இதனினும் கொடியது, மீந்த சோற்றோடு முடிச்சிட்டு எறியப்படும் பை. பசுவால் முடிச்சை அவிழ்க்க இயலாது. உணவின் மணத்தால் ஈர்க்கப்பட்டுப் பையோடு விழுங்கிவிடும். அசைபோடும் விலங்கின் இரைப்பை நான்கு அறைகளை உடையது. அவற்றுள் பெரியதாகிய முதல் அறையிலேயே பிளாஸ்டிக் தங்கிவிடும். அது செரிப்பதில்லை, அடுத்த அறைக்கு எளிதில் நகர்வதுமில்லை. நாளடைவில் கயிறும் பையும் ஒன்றோடொன்று முறுகிக் கட்டியாகும். வயிறு நிறைந்தாற்போல் பசு தீவனத்தை வெறுக்கும், மெலியும், பால் வற்றும். முற்றிய நிலையில் வயிற்றைக் கீறி எடுப்பதையன்றி வேறு மருந்தில்லை.

நம் சம்பிரதாயத்தில் தூய்மை செய்தல் உற்சவத்திற்குப் புறம்பான வேலையன்று. திருமலையில் பிரம்மோற்சவம், வைகுண்ட ஏகாதசி, யுகாதி, ஆனிவார ஆஸ்தானம் ஆகியவற்றுக்கு முன்னர் ஆண்டுக்கு நான்கு முறை நிகழும் கோயில் ஆழ்வார் திருமஞ்சனம் என்பது சந்நிதி முதல் சுவர்கள் வரை கழுவித் துலக்கும் வைபவமே. பூந்தோட்டம் அமைத்த அனந்தாழ்வானைப் போற்றும் நாம், அலகு பிடிப்போரைக் கூலியாட்கள் என்று மட்டும் எண்ணுவது பொருந்துமா?

சேவைச் சங்கங்களுக்கும் இது புதிய கருத்தன்று. 1990–91-இல் உலக ரோட்டரித் தலைவராயிருந்த பாலோ கோஸ்டா புவியைக் காத்தலைத் தம் ஆண்டுப் பணியாகக் கொண்டார். 2020-இல் சுற்றுச்சூழல் அவ்வியக்கத்தின் ஏழாவது பணித்துறையாக ஏற்கப்பட்டது. அங்ஙனமிருக்க, 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்' என்னும் வாசகத்தையே பிளாஸ்டிக் பதாகையில் அச்சிட்டுப் பந்தலில் தொங்கவிடுவது வேடிக்கையே. துணியில் எழுதினால் மறு ஆண்டுக்கும் ஆகும்.

பந்தலொன்றில் நாளொன்றுக்கு 2,000 பேர் நீர்மோர் அருந்துவதாகக் கொள்வோம். காகிதக் குவளையெனின் 2,000 குவளைகள் குப்பையாகும். எஃகுக் குவளைகள் 200 இருந்தால், ஒவ்வொன்றையும் பத்து முறை கழுவிப் பயன்படுத்தலாம். தேய்க்க ஒரு தொட்டி, அலச இரண்டு தொட்டிகள், முறைவைத்து நிற்க உறுப்பினர் சிலர், வேண்டுவது இவ்வளவே. குவளைகளை ஒருமுறை வாங்கிக் கோயிலில் ஒப்படைத்தால் ஆண்டுதோறும் உதவும். ததியாராதனைக்கு வாழையிலையும், பிரசாதத்திற்குத் தொன்னையும் நமக்குப் புதியனவல்ல. அவ்விலைகளைப் பசு உண்டாலும் கேடில்லை.

மற்றொன்று, நேரம். புறப்பாடு முடிந்து கூட்டம் கலைந்த பின்னர், அவ்விரவிலேயே திடலைப் பெருக்கிவிடுதல் வேண்டும். விடிந்ததும் மாடுகள் மேய வந்துவிடும். காலை எட்டு மணிக்குத் துடைப்பத்தோடு வந்து நிழற்படம் எடுத்துக்கொள்வதால் அவற்றுக்குப் பயனில்லை.