தோலில் கலம் செய்ய வருகிறீர்களா?

பை, பெல்ட், செருப்பு தவிரத் தோலில் வேறென்ன செய்து பிழைக்கலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரு பாதை இருக்கிறது: கலம். விதைக்கூட்டின் வளைவும் சங்கின் சுழியும் கொண்ட கிண்ணம், குடுவை, சாடி. லண்டன் வடிவமைப்பாளர் சைமன் ஹசன், இடைக்கால ஐரோப்பாவில் கவசம் செய்த கொதிநீர்த் தோல் முறையைக் கையிலெடுத்து, சாடிகள் செய்து பெயர் பெற்றார். சந்தை சிறியதுதான். ஆனால் வாங்குபவர்கள் விஷயம் தெரிந்தவர்கள்.

முதலில் தோலை அறியுங்கள். குரோமில் பதனிட்ட தோல் இதற்கு உதவாது. நனைத்து வளைத்தாலும் காய்ந்ததும் தளர்ந்துவிடும். ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றால் பதனிட்ட தோல்தான் பிடித்த வடிவத்தில் நிற்கும். திண்டுக்கல், திருச்சி, ஈரோட்டுத் தோல் பதனிடும் ஷாப்புகள் இந்த முறைக்குப் பேர்போனவை. கடையில் வாங்கும்போது வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: நீலச் சாம்பல் தெரிந்தால் குரோம். கலத்துக்கு 3 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமனும், எண்ணெய் அதிகம் ஏற்றாத தோலும் வேண்டும். வயிற்றுப் பகுதி இழுத்த பக்கம் வரும். முதுகும் பின்புறமும் விறைப்பானவை. ஆழமான குழிவுக்கு எது, நிமிர்ந்த சுவருக்கு எது என்பதை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தே பழக வேண்டும்.

அடுத்தது வடிவம். விதைக்கூடு, சங்கு என்று இயற்கையைச் சொன்னதும் பலர் தோல்மேல் இலையும் பூவும் செதுக்கத் தொடங்குகிறார்கள். அது அலங்காரத்தோடு நின்றுவிடும். காய்ந்து உருவம் பெற்ற பொருள்களைப் பாருங்கள்: தென்னம்பாளை, வெடித்த எருக்கங்காய், இலவங்காய். ஈரம் வற்றும்போது நார்கள் இழுத்துக்கொண்டு அந்த வளைவுகளை உண்டாக்குகின்றன. நனைந்த தோலும் அதே வழியில்தான் இறுகுகிறது. அதனால் பாளையை அச்சாக நகலெடுக்காதீர்கள். அது எந்தப் பக்கம் சுருண்டது, விளிம்பு எங்கே தடித்தது என்று பார்த்து, தோலை அதன் போக்கில் விடுங்கள்.

வேலைமுறை எளிது, பொறுமைதான் அதிகம் வேண்டும். சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து, மர அச்சின்மேல் இழுத்து, நிழலில் மெதுவாகக் காயவிட வேண்டும். வெயிலில் வைத்தால் வெடிக்கும். கொதிநீரில் முக்கினால் சுருங்கிக் கல்லாக இறுகும்; சில நொடிகள் கூடினால் நொறுங்கும். இரும்பு ஆணி அடிக்காதீர்கள், பட்டையின் துவர்ப்போடு சேர்ந்து கறுப்புக் கறை படியும். பித்தளை ஆணி போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத் தோலில் பூஞ்சணம் பூக்கும். அந்த மாதங்களில் காற்றாடி ஓடும் அறை இல்லாமல் ஆர்டர் ஏற்காதீர்கள்.

பயிற்சிக்குச் சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதைவிட முக்கியம், பரம்பரையாகத் தோல் தைத்தவர்களிடம் உட்காருவது. கமலை இறைத்த கிணறுகளில் தண்ணீரை வாய்க்காலுக்குக் கொண்டுவந்த தோல் தும்பியைத் தைத்த கைகள் அவை. அந்தக் கைகளுக்கு உரியவர்களைத்தான் ஊர் ஒதுக்கிவைத்தது. அவர்களிடம் கற்றால் முழுக் கூலி கொடுங்கள், கண்காட்சிப் பலகையில் அவர்கள் பெயரையும் போடுங்கள்.

விலை வைப்பதில்தான் புதியவர்கள் தோற்கிறார்கள். தோல் சதுர அடிக் கணக்கில் வரும், கலமோ வளைவு வளைவாக வெட்டப்படும். கழிவையும் உடைந்த துண்டுகளையும் விலையில் சேருங்கள். காட்சிக்கூடம் விற்பனையில் பாதி வரை கேட்கலாம் என்பதையும் முன்பே கணக்கில் கொள்ளுங்கள். தொடக்க ஆண்டுகளில் பையும் பெல்ட்டும் வாடகையைக் கட்டட்டும். பத்துப் பதினைந்து கலங்கள் ஒரே குடும்பச் சாயலில் சேர்ந்த பிறகு, பக்கவாட்டு வெளிச்சத்தில் நல்ல படங்கள் எடுத்துப் போட்டிகளுக்கு அனுப்புங்கள். 2016-ல் ஸ்பெயினின் லோவே அறக்கட்டளை தொடங்கிய கைவினைப் பரிசின் தொகை 50,000 யூரோ. அங்கே தோல் வேலையும் மட்பாண்டம், கண்ணாடி வேலைகளோடு ஒரே மேசையில் மதிப்பிடப்படுகிறது.