சொல்லும் தூரிகையும்

விக்டோரியா அரசியின் காலத்தில் (1837–1901) இங்கிலாந்தில் ஆலைகளும் இருப்புப் பாதைகளும் பெருகின. ஆயினும் அக்காலத்து ஓவியர் பலர் தம் கருப்பொருளைப் பழங்கதைகளிலும் கவிதைகளிலுமே தேடினர். 1848இல் மில்லே, ஹோல்மன் ஹண்ட், ரொசெட்டி முதலிய எழுவர் லண்டனில் அமைத்த 'ரஃபேலுக்கு முற்பட்டோர் குழு' இவர்களுள் குறிப்பிடத்தக்கது. இவ்வோவியர்கள் கவிஞன் சொன்னதை அப்படியே வரைந்தார்களா, தாமும் ஏதேனும் சொன்னார்களா? இதுவே நான் இங்கு ஆராய விரும்பும் வினா.

மேடையில் காணாத காட்சி

ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில் ஓஃபீலியா நீரில் மூழ்குவது மேடையில் நிகழ்வதில்லை. அரசி வந்து அதைச் சொல்கிறாள். செவி கேட்ட அக்காட்சியை மில்லே 1851–52இல் கண்முன் நிறுத்தினார். சர்ரே பகுதியில் ஹாக்ஸ்மில் ஆற்றங்கரையில் பல மாதம் அமர்ந்து செடிகொடிகளை நேரில் கண்டு தீட்டினார். பின்னர், குளிர்காலத்தில், எலிசபெத் சிடல் என்னும் இளம்பெண்ணைத் தொட்டி நீரில் கிடத்தி உருவத்தை வரைந்தார். தொட்டியின் கீழிருந்த விளக்குகள் அணைந்ததை ஓவியர் கவனிக்கவில்லை. சிடல் நோயுற்றார், மருத்துவச் செலவை அவர் தந்தை மில்லேயிடம் கேட்டார்.

ஒரு கவிதை, மூன்று பார்வைகள்

டென்னிசன் 1832இல் வெளியிட்டு 1842இல் திருத்திய 'ஷாலட் நங்கை' ஆர்தர் அரசன் கதைகளைச் சார்ந்தது. தீவுக் கோபுரத்தில் தறி நெய்யும் நங்கை, உலகைக் கண்ணாடியில் மட்டுமே காணலாம். நேரே நோக்கினால் சாபம் பலிக்கும். வீரன் லான்சலாட்டைக் காண அவள் திரும்புகிறாள். கண்ணாடி விரிசலுறுகிறது. படகேறிச் செல்பவள் வழியிலேயே இறக்கிறாள்.

1857இல் வெளிவந்த டென்னிசன் கவிதைப் பதிப்புக்கு ஹண்ட் வரைந்த படத்தில் அவள் கூந்தல் புயலில் பறப்பது போல் விரிந்திருக்கிறது. நூலிழைகள் உடலைச் சுற்றியிருக்கின்றன. தாம் எழுதாததை வரைந்ததாக டென்னிசன் குறைகூறினார். பல வரிகளில் கவிஞர் சொல்வதைத் தாம் அரைப்பக்கத்தில் காட்ட வேண்டியிருந்ததே என்றார் ஹண்ட். பிற்காலத்தில் அதே அமைப்பைப் பெரிய ஓவியமாகவும் தீட்டினார்.

வாட்டர்ஹவுஸ் 1888இல் தீட்டியது படகுக் காட்சி. முன்னே மூன்று மெழுகுவத்திகள்; ஒன்றே எரிகிறது. உயிர் இன்னும் சிறிது நேரமே என்பதை அச்சுடர் உணர்த்துகிறது.

மூன்றாவது, 1853இல் சிடலே வரைந்த கோட்டோவியம். ஆம், தொட்டி நீரில் கிடந்த அதே சிடல்! அவர் காட்டும் நங்கை எளிய உடையில் தறிமுன் அமர்ந்திருக்கிறாள். பின்னே கண்ணாடி உடைகிறது. அவள் முகத்தில் பதற்றமில்லை. வேலைக்கிடையே தலை திருப்பிச் சாளரத்தை நோக்குகிறாள், அவ்வளவே. ஹண்ட் சாபத்தை வரைந்தார். வாட்டர்ஹவுஸ் சாவை வரைந்தார். சிடலோ அவள் தானே பார்க்கத் துணிந்த கணத்தை வரைந்தார் என்பேன்.

முடிவுரை

ஆகவே ஓவியம் கவிதையின் நிழலன்று. அதற்கு எழுதப்பட்ட உரை. உரையாசிரியருக்கேற்ப பொருள் மாறுகிறது. சிடல் 1862இல், 32ஆம் வயதில் மறைந்தார். மில்லேயின் ஓஃபீலியாவாக அவர் முகத்தை உலகம் அறியும். அவர் கைவண்ணத்தை அறிந்தோர் சிலரே. பிறர் பார்க்கப் படுத்திருந்தவர் தாமும் பார்த்தார், பார்த்ததை வரைந்தார் என்பதை, இவ்வோவியங்களைப் பயிலும் நாம் மறத்தலாகாது.