கறுப்புக் கட்டத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள்!

"ஐயா, கண் டாக்டர் ஃபீல்டு டெஸ்ட் எடுத்தார். பேப்பர்ல ஒரு பக்கம் பூரா கறுப்பா இருக்கே, பார்வை போயிடுமா?" சித்த வைத்தியனான என்னிடமே இப்படிக் கேட்டு வருகிறவர்கள் உண்டு. அந்தக் காகிதத்தைப் படிக்கும் விதத்தை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

குளுக்கோமாவில் கண் நரம்பு நலிந்து, பார்வை பெரும்பாலும் ஓரத்திலிருந்து குறையும். நேரே உள்ள எழுத்து தெளிவாகவே தெரியும். பொதுவாக வலியும் இராது. ஒரு கண் விட்டதை மறு கண் ஈடுகட்டிவிடும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் தென் மாவட்டங்களில் நாற்பது வயதைத் தொட்ட 5150 பேரைச் சோதித்து 2003-ல் வெளியிட்ட ஆய்வில், 2.6 சதவீதம் பேருக்குக் குளுக்கோமா. பெரும்பாலோருக்கு அதுவரை நோய் இருப்பதே தெரியாது!

கிண்ணம் போன்ற கருவிக்குள் நடுப்புள்ளியைப் பார்த்தபடி, எங்கே வெளிச்சம் மின்னினாலும் பொத்தானை அமுக்க வேண்டும். வழக்கமான சோதனையில் கண்ணுக்கு 54 இடங்கள். ஹம்ப்ரி கருவியில் 1980-களிலேயே சேர்ந்த 'ஸ்டாட்பேக்' என்ற கணக்குப் புரோகிராம், உங்கள் விடைகளை உங்கள் வயதுள்ள, நல்ல கண் உள்ளவர்களின் விடைகளோடு ஒப்பிடுகிறது.

'எம்.டி. மைனஸ் 6' என்றால் கண்ணாடி பவர் அல்ல! மொத்தப் பரப்பும் சராசரியாக எத்தனை டெசிபெல் மங்கியிருக்கிறது என்ற கணக்கு. '0.5%' என்ற கறுப்புக் கட்டம், பார்வை அரை சதவீதம்தான் மிச்சம் என்று சொல்லவில்லை. நல்ல கண் உள்ள 200 பேரில் ஒருவருக்குக்கூட அந்த இடம் இவ்வளவு மங்குவது அரிது என்கிறது. புரை இருந்தால் எல்லா இடமும் மங்கும். அந்தப் பொது மங்கலைக் கழித்து, எந்த இடத்தில் மட்டும் பள்ளம் என்று காட்டுவது 'பேட்டர்ன் டீவியேஷன்' படம். டாக்டர் அதை உன்னிப்பாகப் பார்ப்பார்.

தூக்கக் கலக்கம், தொங்கும் இமை, முதல்முறைப் பதற்றம் எல்லாமே கறுப்பாக விழலாம். அதனால்தான் திரும்ப எடுக்கச் சொல்கிறார்கள். 'காசு பிடுங்கறாங்க' என்று முணுமுணுக்காதீர்கள். பல வருடச் சோதனைகளை வரிசையாக வைத்தால்தான் நோய் ஓடுகிறதா, நிற்கிறதா என்று கணக்குச் சொல்லும். பழைய ரிப்போர்ட்டைப் பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

எங்கள் நூல்கள் கண்ணோய் 96 என வகுத்தன. ஆனாலும் இந்த ஓரப் பார்வையை நாடியில் அளக்க வழியில்லை. குளுக்கோமாவில் போன பார்வையை எந்த மருந்தும் மீட்பதில்லை. சொட்டு மருந்து அழுத்தத்தைக் குறைத்து மிச்சத்தைக் காக்கும். பொன்னாங்கண்ணிக் கீரை சாப்பிடுங்கள், நல்லதுதான். அதை நம்பிச் சொட்டு மருந்தை நிறுத்தாதீர்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ குளுக்கோமா இருந்தால், நாற்பது வயதுக்குள்ளேயே நீங்களும் கண்ணைக் காட்டிவிடுங்கள்.